போகஸ்: ஒரு வார்த்தையின் பூர்வீகமும் திருநாவலூர் ஓலையும்

எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் ஒரு எழுத்து கூடப் படிக்கத் தெரியாதவர்களும் தாராளமாகப் புழங்கும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டு. போகஸ். ரேஷன் கடை வரிசையில் நின்றால் "அது போகஸ் கார்டு" என்பார்கள். தேர்தல் முடிந்த சாயங்காலம் டீக்கடைக்குப் போனால் "போகஸ் ஓட்டு விழுந்திருக்குப்பா" என்பார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் "போகஸ் பட்டா, கிட்டயே போகாத" என்று எச்சரிப்பார்கள். பேப்பரில் கள்ள ஓட்டு, போலிப் பட்டா என்று எழுதுவார்கள். வாயில் வருவது என்னவோ போகஸ்தான்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். அது அமெரிக்கா வரை இழுத்துக்கொண்டு போய், கடைசியில் திருநாவலூரிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது. கொஞ்சம் நீளமான கதை. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அமெரிக்கா. ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் பெயின்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். 1827 மே மாதம் அங்கே கள்ளக்காசு அடிக்கும் கும்பல் ஒன்று பிடிபட்டது. அவர்களிடம் இருந்த யந்திரத்தைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. என்ன ஏது என்று புரியாத, பார்க்கவே ஒரு மாதிரியான யந்திரம். கூட்டத்தில் யாரோ ஒருவர் அதற்கு "போகஸ்" என்று பெயர் வைத்தார். ஊர்ப் பத்திரிகையான பெயின்ஸ்வில் டெலிகிராஃப் அந்தப் பெயரை அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த வருடம் ஜூலை 6, நவம்பர் 2 ஆகிய இதழ்களில் கள்ளக்காசு யந்திரத்துக்குப் பெயராகவே இந்த வார்த்தை வருகிறது. பத்திரிகையின் அன்றைய ஆசிரியர் ஈபர் ஹோவ், ஐம்பது வருடம் கழித்து 1878இல் வெளியிட்ட தன் சுயசரிதையில் இந்தச் சம்பவத்தை எழுதி வைத்தார். ஆக்ஸ்போர்டு அகராதி தயாரித்தவர்களுக்கு சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் வில்லர்ட் என்பவர் இந்தத் தகவலை எல்லாம் அனுப்ப, அது அகராதியிலும் ஏறிவிட்டது.

ஆக, முதன்முதலில் போகஸ் என்பது கள்ளக்காசு கூட இல்லை. காசு அடிக்கிற மிஷின்! பிறகு மிஷினின் பெயர் அதில் அடித்த காசுக்கு வந்தது. அதற்குப் பிறகு காசு, நோட்டு, செக், டாக்டர், ஓட்டு என்று பொய்யாக எது இருந்தாலும் அதன் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் அந்தக் கூட்டத்தில் நின்ற ஆளுக்கு மட்டும் வார்த்தை எங்கிருந்து கிடைத்தது? டாக்டர் வில்லர்ட் ஒரு விளக்கம் சொல்கிறார். வெர்மான்ட் மாநிலத்தில் அவருடைய அப்பா காலத்தில், விகாரமான எந்தப் பொருளையும் "டான்ட்ராபோகஸ்" என்பார்களாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சாத்தானுக்கு "டான்டராபாப்ஸ்" என்று ஒரு பெயர் இருந்தது. குழந்தைகளைப் பயமுறுத்தும் "போகி" என்ற பேயும் இந்தக் குடும்பம்தான். நம் ஊரில் சொல்வதென்றால் பூச்சாண்டி. யோசித்துப் பார்த்தால் நாமும் "சும்மா பூச்சாண்டி காட்டாதே" என்று ஏமாற்றுகிறவனைத்தான் சொல்கிறோம். (உடனே போகஸ் தமிழிலிருந்து போன வார்த்தை என்று கிளம்பிவிடாதீர்கள். அர்த்தம்தான் ஒத்துப்போகிறது, பிறப்பு அல்ல.)

இதில் ஒரு வேடிக்கை. 1857இல் பாஸ்டன் கூரியர் பத்திரிகை இந்த வார்த்தைக்கு வேறொரு கதை சொன்னது. 1830களில் போர்கேசி என்று ஒரு மோசடிப் பேர்வழி, அமெரிக்காவின் தென்மேற்கில் செல்லாத நோட்டுகளையும் உண்டியல்களையும் அள்ளி விட்டானாம். அவன் பெயர் மருவி போர்ஜஸ் ஆகி, போகஸ் ஆனதாம். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் பெயின்ஸ்வில் பத்திரிகை அச்சானது 1827இல். பிள்ளை பிறந்த பிறகு அப்பாவுக்குக் கல்யாணம் நடந்த மாதிரி! போகஸ் என்ற வார்த்தைக்கே ஒரு போகஸ் பூர்வீகம். எப்படிப் பிடித்தோம் என்பதைக் கவனியுங்கள். தேதி போட்ட பழைய தாள் ஒன்று பத்திரமாக இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், கதை உதிர்ந்துவிட்டது. இந்த விஷயம் பின்னால் மறுபடி மறுபடி வரும்.

அன்றைய அமெரிக்காவில் கள்ளக்காசு ஒரு குடிசைத் தொழில். ஸ்பெயின் நாட்டு வெள்ளி டாலர்கள் 1857 வரை அங்கே சட்டப்படி செல்லும். நோட்டு அடிப்பது அரசாங்கம் மட்டும் இல்லை, ஒவ்வொரு வங்கியும் தன் இஷ்டத்துக்கு ஒரு டிசைனில் அடித்து விடும். எது அசல், எது போலி என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே தனியாகப் பத்திரிகைகள் வந்தன. இன்று அமெரிக்க ஜனாதிபதி பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடுகிறார்களே சீக்ரெட் சர்வீஸ்காரர்கள், அந்தத் துறையை 1865இல் தொடங்கியது கள்ள நோட்டு பிடிப்பதற்காகத்தான். ஜனாதிபதியைக் காக்கும் வேலை பின்னால் வந்து சேர்ந்தது.

போகஸ் பிறக்கும்போதே கெட்ட வார்த்தை. ஆனால் இதே அர்த்தத்தில் வரும் மற்ற இங்கிலீஷ் வார்த்தைகள் அப்படி இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "கவுன்டர்ஃபீட்" லத்தீனில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. "ஒன்றுக்கு எதிரே வைத்துச் செய்வது" என்பது அதன் உள்ளர்த்தம். மாதிரியை எதிரே வைத்து அதைப் போலவே செய்வது, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியர் வெனிஸ் வணிகன் நாடகத்தில் போர்ஷியாவின் ஓவியத்துக்கு இதே வார்த்தையைப் போடுகிறார். அங்கே மோசடி ஒன்றும் இல்லை, படம் நன்றாக இருக்கிறது என்ற பாராட்டுதான். "ஃபோர்ஜரி"யின் மூலம் இன்னும் சுத்தம். ஃபோர்ஜ் என்றால் கொல்லன் பட்டறை. பட்டறையில் அடித்து உருவாக்குவது என்பதுதான் முதல் பொருள். பொய்க் கையெழுத்து போடுகிறவனுக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டியது.

"டூப்ளிகேட்" கதை இன்னும் சுவாரசியம். இங்கிலீஷில் அதற்கு இரண்டாவது பிரதி என்றுதான் அர்த்தம். தமிழ்நாட்டில்தான் அது திருட்டுச் சரக்கு ஆகிவிட்டது. மார்க் ஷீட் தொலைந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து, பணம் கட்டி, முறைப்படி "டூப்ளிகேட் சர்டிபிகேட்" வாங்குகிறோம். அதே வார்த்தையை டீக்கடையில் சொல்லிப் பாருங்கள், "எவ்வளவு கொடுத்து வாங்கின?" என்பார்கள். ஆனால் டூப்ளிகேட் சாவியை மட்டும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. சாவி பூட்டைத் திறந்தால் போதும், அது யாரிடமும் "நான்தான் அசல்" என்று சொல்லப்போவதில்லை.

நம்முடைய "போலி"யும் இப்படித்தான். "போல" என்பதிலிருந்து வந்த சொல். ஒன்றைப் போல இருப்பது போலி. பத்தாம் வகுப்பு இலக்கணம் ஞாபகம் இருக்கிறதா? முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி. மஞ்சு என்பது மைஞ்சு ஆகும், அரசு என்பது அரைசு ஆகும், அகம் என்பது அகன் ஆகும். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. ஐந்து முழுக்க மாறி அஞ்சு ஆனால் முற்றுப்போலி. இலக்கணத்தில் போலி ஒரு நல்ல பிள்ளை. ஒருவர் வராதபோது அவர் இடத்தில் இன்னொருவர் நின்று வேலையைக் கெடுக்காமல் முடித்துக் கொடுக்கிற மாதிரி. பேரன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் பெயரை உடையவன் என்பதால் பெயரன், அது பேரன் ஆனது. பெயர் நகல்தான், அதனால் பேரன் போலி ஆகிவிடுவானா?

அப்படியானால் நகல் எந்த இடத்தில் போலியாகிறது? 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு இதை அழகாகச் சொல்லியிருந்தது. ஒரு பொருளை இன்னொன்றைப் போல இருக்கும்படி செய்து, அந்த ஒற்றுமையை வைத்து ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தாலோ, ஏமாற்றம் நடக்கக்கூடும் என்று தெரிந்தே செய்தாலோ அது கள்ளப் பொருள். அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. அந்தச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதிலும் இந்த விளக்கம் தொடர்கிறது. (ஏமாற்றுக்காரனுக்கு நாம் வைத்த "ஃபோர் ட்வென்டி" என்ற பட்டம்தான் பாவம், அந்த 420ஆவது பிரிவு இப்போது 318 ஆகிவிட்டது. "அவன் ஒரு முன்னூத்திப் பதினெட்டு" என்று சொன்னால் எடுபடவில்லை.)

இங்கேதான் திருநாவலூர் வருகிறது.

திருநாவலூர் தெரியாதவர்களுக்கு: கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டம். 2019இல் மாவட்டம் பிரியும் வரை விழுப்புரத்தோடு இருந்தது. பக்தஜனேஸ்வரர் கோயில் இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழனின் மகன் ராஜாதித்தன் பெயரால் கல்வெட்டுகளில் ராஜாதித்தபுரம் என்றும் வரும். தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பிறந்த ஊர். அவருடைய இயற்பெயர் நம்பி ஆரூரர். தாத்தாவின் பெயரும் ஆரூரர். பேரன், பெயரன்!

சுந்தரரின் கல்யாணக் கதையைப் பக்திக் கதையாகத்தான் எல்லோரும் கேட்டிருப்போம். அதை ஒரு சிவில் கேஸாக ஒரு தடவை படித்துப் பாருங்கள். பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்ற பகுதியில் இருக்கிறது.

புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் மகளோடு சுந்தரருக்குக் கல்யாணம். தாலி கட்டப் போகும் நேரத்தில் ஒரு கிழவர் பந்தலுக்குள் வந்து நிற்கிறார். "இந்த மாப்பிள்ளை என் அடிமை. இவன் தாத்தாவே எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது எங்கே நடந்திருக்கிறது, நீர் என்ன பித்தரா என்று கேட்கிறார் சுந்தரர். ஓலையைக் காட்டு என்று துரத்திப் பிடித்து, பிடுங்கி, கிழித்தே போட்டுவிடுகிறார். இன்றைய பாஷையில் சொன்னால், "இது போகஸ் டாகுமென்ட்" என்று தீர்ப்பும் அவரே சொல்லி, தண்டனையும் அவரே நிறைவேற்றிவிட்டார்.

கிழவர் அசரவில்லை. கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். அதாவது ஜெராக்ஸைத்தான் கிழித்தாய்! வழக்கு கிழவரின் ஊரான திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது.

சபையார் நடந்துகொள்ளும் விதம்தான் எனக்குப் பிடித்த இடம். வந்தவர் கிழவர், உள்ளூர்க்காரர் என்று தம் பக்கம் சாயவில்லை. இப்படி ஒரு வழக்கமே உலகத்தில் இல்லையே என்ற சந்தேகத்தை முதலில் அவர்களே கேட்கிறார்கள். பிறகு மூன்று வழி சொல்கிறார்கள். ஆட்சி, ஆவணம், காட்சி. அதாவது நெடுநாள் அனுபவ வழக்கம், எழுதிய பத்திரம், நேரில் கண்ட சாட்சி. இதில் ஏதாவது ஒன்றைக் காட்டு என்கிறார்கள். கிழவர் மூல ஓலையைக் கொடுக்கும் முன், இந்தப் பையன் பிடுங்கிக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாதுகாப்பு கேட்கிறார் (அனுபவம்!). கரணத்தான், அதாவது சபையின் எழுத்தர், வாங்கிப் படிக்கிறார். நாவலூர் ஆரூரனாகிய நான், நானும் என் வழிவழி வருவோரும் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்கு அடிமை என்று எழுதியிருக்கிறது. சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் இது எங்கள் எழுத்துதான் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இதோடு விட்டிருந்தால் சாதாரணப் பஞ்சாயத்து. சபையார் விடவில்லை. இது உன் தாத்தா எழுத்துதானா, பார் என்று சுந்தரரிடம் கேட்கிறார்கள். காப்பில் பத்திரமாக இருந்த, தாத்தா கைப்பட எழுதிய வேறொரு ஓலையை வரவழைக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுத்து ஒத்துப்போகிறது. நீ தோற்றாய், இவருக்கு வேலை செய்வதுதான் கடமை என்று தீர்ப்பு.

1872இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாட்சியச் சட்டத்தின் 73ஆவது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? சந்தேகத்துக்குரிய கையெழுத்தை, அவருடையது என்று நிரூபணமான இன்னொரு கையெழுத்தோடு நீதிமன்றம் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றது. மூலம் முதல்நிலைச் சாட்சியம், நகல் இரண்டாம் நிலை என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. வெண்ணெய்நல்லூரில் இரண்டுமே நடந்துவிட்டது.

சுந்தரர் பொதுவாக எட்டாம் நூற்றாண்டு என்பார்கள். கதையை விரிவாக எழுதிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சோழ அமைச்சர். அமைச்சராக இருந்தவருக்குப் பத்திரம், வழக்கு, காப்பறை எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் இந்த விசாரணை எட்டாம் நூற்றாண்டு நாவலூரைவிட, சேக்கிழார் கண்ணால் கண்ட சோழர் காலச் சபைகளைத்தான் அதிகம் காட்டுகிறது என்று நான் நினைக்கிறேன். எது எப்படியோ, கையெழுத்தில் போலி செய்ய முடியும், அதைக் கண்டுபிடிக்க நம்பகமான ஒரு மாதிரி தேவை, அந்த மாதிரி வழக்குக்காரர் கையில் இல்லாமல் பொது இடத்தில் இருக்க வேண்டும் என்ற மூன்றும் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முடிவு எல்லோருக்கும் தெரியும். உம்முடைய வீட்டைக் காட்டும் என்று கேட்க, கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். வந்தது சிவபெருமான். கடவுளே வாதியாக வந்து கேஸ் போட்டால் ஓலை அசலா போலியா என்று நான் என்ன சொல்ல? ஆனால் ஒன்று, போலி என்று நினைத்துத் திட்டிய அதே "பித்தன்" என்ற சொல்லை வைத்துத்தான் சுந்தரர் தன் முதல் பதிகத்தைத் தொடங்கினார். கல்யாணம் நின்ற ஊருக்கு மணம் தவிர்ந்த புத்தூர் என்று பெயர் நிலைத்துவிட்டது.

இதைப் படித்ததும் எனக்கு மதுரை ஞாபகம் வந்தது. சிலப்பதிகாரத்திலும் அதே பிரச்சினைதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிலம்பு. பொற்கொல்லன் அந்த ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்கிறான். பாண்டியன் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான், இரண்டையும் பக்கத்தில் வைத்து உள்ளே என்ன பரல் என்று பார்ப்பது. கோவலன் செத்த பிறகு, கண்ணகி வந்து கேட்ட பிறகுதான் அந்தச் சோதனை நடக்கிறது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். சோதனை ஒரு நாள் முன்னால் நடந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது.

காசு, தங்கம் விஷயத்தில் நம் ஆட்கள் முன்பே உஷார். சங்கப் புலவர்களில் சிலருடைய பெயரோடு "வண்ணக்கன்" என்று வரும். வடம வண்ணக்கன், விற்றூற்று வண்ணக்கன் என்று. வண்ணக்கன் என்றால் பொன்னையும் காசையும் சோதித்துப் பார்ப்பவர். காலையில் காசு சோதனை, மாலையில் கவிதை! தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயமான ஆள் என்றால் நம்பிக்கைக்குரியவர். பெயின்ஸ்வில் மிஷினுக்கு இரண்டு வகையிலும் நாணயம் இல்லை.

சுந்தரருக்கே இதில் இரண்டாவது அத்தியாயம் உண்டு. திருநாவலூரிலிருந்து அதிக தூரம் இல்லாத திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், அவருக்கு இறைவன் 12,000 பொன் கொடுக்கிறார். இதை மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. (அந்தக் காலத்து ஆன்லைன் டிரான்ஸ்ஃபர்.) சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? ஆற்றில் போடும் முன் அந்தப் பொன்னிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் வெட்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மாதிரித் துண்டுக்கு மச்சம் என்று பெயர். திருவாரூர்க் குளத்தில் பொன் கிடைத்ததும் உரசிப் பார்த்தால், கையில் இருந்த மச்சத்தைவிட மாற்றுக் குறைவு! மறுபடி பாடித்தான் சரியான மாற்றுக்குக் கொண்டுவந்தார். பொன்னை உரைத்துப் பார்த்துச் சொன்னவர் பிள்ளையார் என்பது ஊர் வழக்கு. திருவாரூரில் மாற்றுரைத்த விநாயகர் என்று இன்றும் இருக்கிறார்.

கொடுப்பது கடவுள்தான், இருந்தாலும் சாம்பிள் எடுத்து வைத்துக்கொண்டார். கல்யாணப் பந்தலில் ஓலையைக் கிழித்த பையன் நன்றாகவே பாடம் கற்றிருக்கிறார்!

நகை ஆசாரிகள் செய்வதும் இதுதான். உரைகல்லில் நகையை ஒரு இழு இழுத்து, பக்கத்திலேயே மாற்று தெரிந்த தங்கத்தை ஒரு இழு இழுத்து, இரண்டு கோட்டின் நிறத்தையும் பார்ப்பார்கள். தனியாக ஒரு கோட்டை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சரியாகச் சொல்ல முடியாது.

மாதிரி கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சிவபுரம் நடராஜர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். 1951இல் நிலத்தைத் தோண்டும்போது சோழர் கால ஐம்பொன் சிலைகள் கிடைத்தன. அரசு அவற்றை ஊர்ச் சிவகுருநாதசுவாமி கோயிலிடம் கொடுத்தது. 1950களின் நடுவில் சிலைகளைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். பழுது பார்த்து வந்தவை நகல்கள். அசல் நடராஜர் பம்பாய்க்குப் போய்விட்டார். யாருக்கும் தெரியவில்லை. கோயிலில் இருந்தது நகல். அதை வார்த்தவருக்குக் கைவேலை நன்றாகவே தெரிந்திருக்கிறது. பூம்புகார் கடையில் வைத்து, "நகல்" என்று சீட்டு ஒட்டி விற்றிருந்தால் அது ஒரு நல்ல சிலை. சீட்டு இல்லாமல் சன்னதியில் வைத்ததும் அது போலி ஆகிவிட்டது. உலோகம் மாறவில்லை, உருவம் மாறவில்லை.

குட்டை உடைத்தவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். சோழர் செப்புச் சிலைகளைப் பற்றி 1965இல் எழுதிய புத்தகத்தில், கோயிலில் இருப்பது போலி, அசல் பம்பாயில் ஒரு தனியாரிடம் இருக்கிறது என்று எழுதினார். புத்தகம் வந்த பிறகும் சிலை அமெரிக்கா போனது. 1973இல் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்தியா வழக்கு போட்டது. 1976இல் சமரசம். பத்து வருடம் அமெரிக்காவில் காட்சிக்கு இருந்துவிட்டு, 1986இல் நடராஜர் இந்தியா திரும்பினார். சிவபுரத்துக்காரர்கள் அத்தனை வருடம் கும்பிட்டதெல்லாம் வீணா என்று கேட்டால், நான் அப்படி நினைக்கவில்லை. கும்பிட்டவர்கள் பொய் சொல்லவில்லையே. பொய் சொன்னது வேறு ஆட்கள்.

இதற்கு நேர் எதிரான கேஸ், சுந்தரர் மச்சம் வெட்டிய அதே விருத்தாசலத்தில் நடந்தது. அங்கே சிலை நிஜம், காகிதம் போகஸ்.

விருத்தகிரீஸ்வரர் கோயில் செம்பியன் மாதேவி காலத்துக் கற்றளி. அதன் சுவரில் ஒரு மாடத்தில் கல் அர்த்தநாரீஸ்வரர் இருந்தார். அவர் காணாமல் போய், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக 2004இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கலைக்கூடம் ஒன்றும் கேட்காமல் வாங்கவில்லை. சிலை எப்படி, எப்போது இந்தியாவை விட்டு வெளியேறியது என்பதற்குக் காகிதம் கேட்டது. காகிதமும் வந்தது. டெல்லியில் ஒரு கடையில் 1970இல் வாங்கியதாக ரசீது. 1970 ஏன் என்றால், பழம்பொருள்களுக்கான கடுமையான சட்டம் இந்தியாவில் 1972இல் வந்தது. திருட்டுப் பொருளைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த வருடம் 1970. அதற்கு முன்னால் வெளியே போனதாகக் காட்டிவிட்டால் கேள்வி குறையும். யோசித்துத்தான் தேதி போட்டிருக்கிறார்கள்.

ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துச் சேர்த்த நிறுவனம். லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் விருத்தாசலமும் இருந்தது. 1974இல் எடுத்த படத்தில் அர்த்தநாரீஸ்வரர் தன் மாடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். 1970இல் டெல்லியில் விற்றுப்போன சிலை 1974இல் விருத்தாசலத்துச் சுவரில் எப்படி இருக்கும்? போர்கேசி கதை மாதிரியேதான், தேதி இடித்துவிட்டது. 2013இல் இந்த ஒப்பீடு செய்தித்தாளில் வந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது அர்த்தநாரீஸ்வரரையும், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராஜரையும் நேரில் ஒப்படைத்தார். அந்த நடராஜருக்கு கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் கொடுத்திருந்த விலை 50 லட்சம் அமெரிக்க டாலருக்குமேல். அவருக்கும் காகிதம் போகஸ்தான். 2011இல் ஜெர்மனியில் கைதான கபூருக்கு, உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது.

வெண்ணெய்நல்லூர்க் காப்பறையில் இருந்த தாத்தாவின் ஓலை, வேறு ஏதோ காரியத்துக்காக எப்போதோ எழுதியது. பேரன் கல்யாணத்தில் தகராறு வரும் என்று நினைத்து அவர் எழுதியிருக்க முடியாது. புதுச்சேரிக்காரர்கள் 1974இல் விருத்தாசலத்தில் காமிராவை வைத்ததும் திருடனைப் பிடிக்க அல்ல. கோயில் எப்படி இருக்கிறது என்று குறித்து வைக்கத்தான் போனார்கள்.